கீசா, சக்காரா, தஹ்ஷூர்: பிரமிடுகளுக்கு ஒரு நாள் ஒதுக்குகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கெய்ரோவில் இறங்கும் பலருக்குப் பிரமிடுகளுக்கென்று கிடைப்பது ஒரே ஒரு நாள். மறுநாள் லக்சோருக்கு ரயிலோ துபாய்க்கு விமானமோ காத்திருக்கும். அந்த ஒரு நாளை எப்படிச் செலவழிக்கலாம், எதைப் பார்க்கலாம், எதை விட்டுவிடலாம் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பக்கம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் சக்காரா கட்சி. கீழே வரும் பதில்களில் அந்தச் சாய்வு தெரியத்தான் செய்யும்.

மூன்று இடங்களையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா?

முடியும். மூன்றுமே நைல் நதிக்கு மேற்கே, வயல் முடிந்து பாலைவனம் தொடங்கும் விளிம்பில், வடக்கு தெற்காக ஒரே வரிசையில் இருக்கின்றன. கீசாவிலிருந்து சக்காரா ஏறக்குறைய 20 கி.மீ., அங்கிருந்து தஹ்ஷூர் இன்னொரு 10 கி.மீ. பேருந்தை நம்பினால் ஆகாது. காலையிலிருந்து மாலை வரை ஒரு கார் பேசிக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரம், மூன்று இடங்களின் பெயர், மொத்த வாடகை எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். வழியில் "பாப்பிரஸ் மியூசியம்", "வாசனை எண்ணெய் தொழிற்சாலை" என்று ஓட்டுநர் வண்டியைத் திருப்பினால் அது கடை. வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் ஒரு மணி நேரம் மிச்சம்.

எந்த வரிசையில் போவது?

பெரும்பாலான பயண ஏற்பாட்டாளர்கள் கீசாவில்தான் தொடங்குவார்கள். காலை 9 மணிக்கு அங்கே சுற்றுலாப் பேருந்துகள் வரிசைகட்டி நிற்பது அதனால்தான். குளிர்காலத்தில் போகிறவர்களுக்கு என் யோசனை இதற்கு நேர் எதிரானது. காலையில் கதவு திறந்ததும் சக்காரா, முற்பகலில் தஹ்ஷூர், மதியத்துக்கு மேல் கீசா. சக்காராவில் சுவர்ச் சித்திரங்களை நின்று பார்க்க வேண்டும், அதற்குக் கண்ணும் மனமும் களைக்காமல் இருக்க வேண்டும். கீசாவின் பிரம்மாண்டமோ களைத்த கண்ணுக்கும் தெரியும். ஆனால் நேரத்தில் கவனம் வேண்டும். மாலை நாலு மணிக்கெல்லாம் சீட்டு கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள், ரமலான் மாதத்தில் இன்னும் சீக்கிரம். மதியம் ஒன்றரைக்குள் கீசா வாசலில் இருப்பது நல்லது.

கோடையில் போனால் வரிசையை அப்படியே திருப்பிப் போடுங்கள். ஜூலை மாத மதிய வெயிலில் கீசா மேட்டில் ஒதுங்க நிழல் கிடையாது.

முதல் பிரமிடு எது? அது கீசாவில்தானே இருக்கிறது?

இல்லை, அது சக்காராவில் இருக்கிறது. கி.மு. 2670 வாக்கில் ஜோசர் மன்னனுக்காகக் கட்டப்பட்ட படிப் பிரமிடு. கீசாவின் பெரிய பிரமிடைவிட ஏறத்தாழ நூறு ஆண்டு மூத்தது. அதற்கு முன்பு மன்னர்களைச் செங்கல் மேடைகளுக்கு அடியில் புதைத்தார்கள். நீள்சதுரமாக, தட்டையான கூரையோடு இருக்கும் அவற்றுக்கு மஸ்தபா என்று பெயர். ஜோசருக்கும் மஸ்தபாவில்தான் தொடங்கினார்கள், ஆனால் கல்லில். பிறகு அதை அகலப்படுத்தி, அதன்மேல் இன்னொன்று, அதற்குமேல் இன்னொன்று என்று ஏற்றிக்கொண்டே போய் 6 படிகளில் 60 மீட்டரைத் தாண்டிவிட்டார்கள். இதற்குப் பொறுப்பாக இருந்த இம்ஹோடெப்பைப் பின்னாளில் எகிப்தியர்கள் தெய்வமாகவே கும்பிட்டார்கள்.

பிரமிடைப் பார்க்கும் அவசரத்தில் நுழைவு மண்டபத்தை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. கல்லில் இவ்வளவு பெரிதாகக் கட்டியவர்கள் அதற்கு முன் யாரும் இல்லை, அதனால் இவர்களுக்குப் பழகிய மரமும் நாணலும்தான் மாதிரி. வாசலில் திறந்து கிடக்கும் கதவு கல்லில் செதுக்கியது, எந்தக் காலத்திலும் மூட முடியாது. மேலே நிமிர்ந்தால், வரிசையாக அடுக்கிய மரத்தண்டுகள் போலக் கல் கூரை. தூண்களோ நாணல் கட்டுகளின் வடிவத்தில் இருக்கின்றன. கல் தூண் தனியாக நின்று பாரம் தாங்கும் என்ற நம்பிக்கை இன்னும் வரவில்லை போலும், ஒவ்வொன்றையும் சிறு சுவரால் பக்கத்துச் சுவரோடு பிணைத்திருக்கிறார்கள்.

பிரமிடின் வடக்குப் பக்கம் போனால் சாய்வாக ஒரு சிறு கல் அறை இருக்கும். அதில் கண்ணுயரத்தில் இரண்டு துளைகள். அதன் வழியே பார்த்தால் உள்ளே ஜோசர் உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். இது நகல். அசல் சிலை கெய்ரோ தஹ்ரீர் சதுக்கத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. துளைகள் நமக்காக வைத்தவை அல்ல. மன்னன் வெளியே நடக்கும் வழிபாட்டைப் பார்க்கவும் தூபத்தை முகரவும் வைத்தவை.

பிரமிடுக்குள் ஓவியங்களும் எழுத்துகளும் இருக்குமா?

ஏமாற்றம் இங்கேதான் அதிகம். கீசாவின் மூன்று பிரமிடுகளிலும் தஹ்ஷூரிலும் மன்னனின் அறைகள் வெறும் கல். அலங்காரச் சித்திரம் ஒன்றுகூடக் கிடையாது. பிரமிடுச் சுவரில் எழுத்து வருவது சக்காராவில், கி.மு. 2350 வாக்கில் ஆண்ட உனாஸ் மன்னனின் பிரமிடில். வெளியிலிருந்து பார்த்தால் அது சரிந்த கற்குவியல், படம் எடுக்கக்கூட யாரும் நிற்க மாட்டார்கள். குனிந்து உள்ளே போங்கள். சுவர் முழுக்க மேலிருந்து கீழாக, நெருக்கமான பத்திகளில் சித்திர எழுத்து. ஒவ்வொரு எழுத்தையும் செதுக்கி நீல வண்ணத்தால் நிரப்பியிருக்கிறார்கள். இறந்த மன்னன் வானத்துக்கு ஏறுவதற்கான மந்திரங்கள் அவை. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பிரமிடு நூல்கள் என்று எகிப்தியல் அறிஞர்கள் கொண்டாடுவது இவற்றைத்தான். கூரை முழுக்க ஐந்து கால் நட்சத்திரங்கள்.

வெளியே வந்ததும் தெற்குப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். அங்கே பெரிய எழுத்துகளில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. உனாஸுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டாம் ராம்செஸின் மகன் காயெம்வாசெத் பழுதுபார்த்து வெட்டிவைத்தது. அவனுக்கே இது பழங்காலச் சின்னம்!

உனாஸ் பூட்டியிருந்தால் (பழுதுபார்ப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள்) டெட்டி மன்னனின் பிரமிடுக்குப் போங்கள். அங்கேயும் இதே வகை எழுத்துகள் உண்டு.

புத்தகங்களில் பார்க்கும் மீன்பிடி, அறுவடை, நடனக் காட்சிகளெல்லாம் எங்கே?

அவை அதிகாரிகளின் கல்லறைகளில், அதாவது மஸ்தபாக்களில் இருக்கின்றன. சக்காராவை நான் முதலில் வைப்பதற்கு முக்கியக் காரணம் இதுதான். மன்னனுக்கு மந்திரம் போதும், அவன் தெய்வங்களோடு போய்ச் சேர்ந்துவிடுவான். அமைச்சருக்கும் பண்ணைக்காரருக்கும் மறுமையிலும் ரொட்டி வேண்டும், பீர் வேண்டும், வாத்துக்கறி வேண்டும், அவற்றை உண்டாக்கித் தர ஆள் வேண்டும். அதனால் உழுவது, விதைப்பது, மாவு பிசைவது, மாட்டை அறுப்பது என்று பண்ணையையே சுவரில் செதுக்கி வைத்துக்கொண்டார்கள்.

மெரெருகா டெட்டி மன்னனின் தலைமை அமைச்சர், அவருக்கு மருமகனும்கூட. அவருடைய மஸ்தபாவில் 30க்கு மேற்பட்ட அறைகள். பிரதான மண்டபத்தில் அவருடைய ஆளுயரச் சிலை மாடத்திலிருந்து படியிறங்கி வருவதுபோல நிற்கும். இறந்தவருக்குப் படைக்கும் உணவை வாங்கிக்கொள்ள வருகிறாராம். ஒரு சுவரில் ஊர்த்தலைவர்களைக் கணக்குக் கேட்க இழுத்து வருகிறார்கள். வரி பாக்கி போலிருக்கிறது. ஒருவனைக் கம்பத்தோடு சேர்த்துப் பிடித்து அடிக்கிறார்கள், எழுத்தர்கள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். இன்னொரு இடத்தில் கழுதைப்புலியை மல்லாக்கப் படுக்கவைத்து, காலைக் கட்டி, வாயில் தீனி திணிக்கிறார்கள். எதற்கு என்று அறிஞர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பக்கத்திலேயே ககெம்னியின் கல்லறை. மீன்களைப் பாருங்கள், ஒவ்வொன்றும் எந்த இனம் என்று சொல்லிவிடும் அளவுக்குச் செதுக்கியிருக்கிறார்கள். டி என்ற அதிகாரியின் கல்லறை சற்றுத் தள்ளி இருக்கிறது, நடை அதிகம், ஆனால் விட்டுவிடாதீர்கள். அங்கே மாடுகள் ஓடையைக் கடக்கும் காட்சி ஒன்று உண்டு. மாட்டுக்காரன் ஒரு கன்றுக்குட்டியை முதுகில் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடக்கிறான். கன்று கழுத்தைத் திருப்பிப் பின்னால் வரும் தாயைப் பார்த்துக் கத்துகிறது. தண்ணீருக்குள் இருக்கும் கால்கள் வண்ணத்தில் மெல்லிய அலைக்கோடுகளுக்குப் பின்னால் தெரிகின்றன. 4,400 ஆண்டுகளுக்கு முன்பு யாரோ ஒரு சிற்பி கரையில் நின்று கவனித்திருக்கிறான். கீசாவின் பெரிய பிரமிடில் இருக்கும் 23 லட்சம் கற்களில் எனக்கு இது கிடைக்கவில்லை.

செராபியம் போகலாமா?

நேரம் இருந்தால் போகலாம். சக்காராவிலேயே, புனிதமாகக் கருதிய ஏபிஸ் காளைகளைப் புதைத்த சுரங்கம் இது. பிரெஞ்சுக்காரர் ஒகூஸ்த் மரியெத் 1851-இல் கண்டெடுத்தார். ஒவ்வொரு காளைக்கும் ஒரே கல்லில் குடைந்த பிரம்மாண்டமான பெட்டி, சில 60 டன்னைத் தாண்டும். இதற்குத் தனிச் சீட்டு. பார்த்தால் வாய் பிளக்க வேண்டியதுதான், ஆனால் அதற்கு மேல் நின்று பார்க்க அங்கே அதிகம் இல்லை.

தஹ்ஷூரில் என்ன விசேஷம்? அதை விட்டுவிடலாமா?

விட வேண்டாம். பிரமிடு கட்டக் கற்றுக்கொண்ட கதை முழுவதும் அங்கே மணலில் நிற்கிறது. கீசாவின் பெரிய பிரமிடைக் கட்டிய கூஃபு மன்னனின் அப்பா ஸ்னெஃப்ரு. படிகள் இல்லாத, வழவழப்பான பக்கங்கள் கொண்ட பிரமிடு வேண்டும் என்று அவர் ஆரம்பித்தார். 54 டிகிரி சாய்வில் எழுப்பிக்கொண்டே போனபோது அடித்தளம் அமுங்கி, உள் அறைகளில் விரிசல் விழத் தொடங்கியது. பாதியில் சாய்வை 43 டிகிரிக்குக் குறைத்து ஒருவழியாக முடித்தார்கள். அதுதான் வளைந்த பிரமிடு, இடுப்பில் மடங்கியதுபோல நிற்கிறது. மற்ற பிரமிடுகளின் வெளிப்பூச்சுக் கற்களைப் பிற்காலத்தில் பெயர்த்துக் கெய்ரோ நகரம் கட்ட எடுத்துப் போய்விட்டார்கள். இதில் மட்டும் பெரும்பகுதி அப்படியே இருக்கிறது. பிரமிடு புதிதாக இருந்தபோது எப்படித் தெரிந்திருக்கும் என்று பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

ஸ்னெஃப்ரு அதோடு விடவில்லை. வடக்கே இன்னொன்று, இம்முறை அடியிலிருந்தே 43 டிகிரி. அது சிவப்புப் பிரமிடு, உயரம் 105 மீட்டர். முதன்முதலில் சரியாக வந்த பிரமிடு இதுதான். மெய்தூம் என்ற இடத்துப் பிரமிடில் அவர் காலத்தில் வேலை நடந்ததையும் சேர்த்தால், மகன் கூஃபுவைவிட அதிகக் கல்லை நகர்த்தியவர் அப்பாதான். பெயர் வாங்கியது என்னவோ மகன்.

கூட்டமும் இங்கே குறைவு. சில நாள் காலையில் மொத்த இடத்திலும் நீங்களும் ஒட்டகத்தில் உட்கார்ந்த ஒரு காவலரும் மட்டும்தான்.

சிவப்புப் பிரமிடுக்குள் இறங்குவது கஷ்டமா?

கொஞ்சம் கஷ்டம்தான். முதலில் வெளிப்பக்கம் படியேறி 28 மீட்டர் உயரத்தில் இருக்கும் வாசலுக்குப் போக வேண்டும். பிறகு அங்கிருந்து 60 மீட்டருக்கு மேல் நீளும் சரிவில் கீழே இறங்க வேண்டும். வழியின் உயரம் ஒரு மீட்டர்கூட இல்லை, தரையில் மரப்பலகையும் குறுக்குச் சட்டங்களும் போட்டிருக்கிறார்கள். ஏணியில் இறங்குவதுபோல முகத்தைச் சரிவுப் பக்கம் வைத்துப் பின்னோக்கி இறங்கினால் முழங்கால் தப்பிக்கும். கீழே அமோனியா நெடி மூக்கைத் துளைக்கும், அது உள்ளே போனதும் பழகிவிடும்.

அப்புறம் நிமிர்ந்து பாருங்கள். இருபுறச் சுவர்களும் அடுக்கு அடுக்காக உள்நோக்கி நகர்ந்து உயரே ஒரு கோட்டில் கூடும் அறைகள் மூன்று. சிமெண்ட் இல்லை, வளைவு இல்லை. மேலே இருக்கும் அத்தனை லட்சம் டன்னையும் 4,600 ஆண்டுகளாக அந்த அடுக்கு தாங்கிக்கொண்டு நிற்கிறது.

இதய நோய், ஆஸ்துமா, முழங்கால் பிரச்சினை, அடைத்த இடத்தில் பயம் இருப்பவர்கள் இறங்க வேண்டாம். மற்றவர்களுக்கும் மறுநாள் தொடை பிடித்துக்கொள்ளும், சொல்லிவிட்டேன்.

கீசாவின் பெரிய பிரமிடுக்குள் போகத் தனிச் சீட்டு வாங்க வேண்டுமாமே, தகுமா?

ஆம், வளாகச் சீட்டோடு இதற்குத் தனியாக ஒன்று, விலையும் அதிகம். தஹ்ஷூரில் இறங்கியிருந்தால் இதை விடலாம் என்பேன். இறங்கவில்லை என்றால் போங்கள். கலீஃபா அல்-மாமூன் 9-ஆம் நூற்றாண்டில் குடைந்ததாகச் சொல்லப்படும் சுரங்கத்தின் வழியாக நுழைந்து, இடுப்பு ஒடிய ஒரு குறுகிய வழியில் ஏறினால், திடீரென்று 8 மீட்டருக்கு மேல் உயரமான பெருங்கூடம் விரியும். அந்த ஒரு நிமிடத்துக்குத்தான் காசு. உச்சியில் மன்னனின் அறை. அஸ்வானிலிருந்து ஆற்று வழியே கொண்டுவந்த கிரானைட் கல்லால் ஆன சுவர், 9 பாளங்களால் கூரை, ஓரத்தில் மூடியில்லாத ஒரு கல் பெட்டி. நுழைவழியைவிடப் பெட்டி சற்று அகலம், ஆகவே அறையைக் கட்டும்போதே அதை உள்ளே வைத்துவிட்டார்கள். வேறெதுவும் இல்லை. பத்துப் பேர் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் இருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், முதலில் 146 மீட்டர் உயரம் நின்ற இந்தப் பிரமிடுக்குச் சொந்தக்காரரான கூஃபுவுக்கு முழுதாகக் கிடைத்திருக்கும் ஒரே சிலை 7.5 செ.மீ. உயரத் தந்தப் பொம்மை.

பிரமிடுகளை அடிமைகள்தானே கட்டினார்கள்?

ஒரு லட்சம் பேர் முறைவைத்து உழைத்தார்கள் என்று எழுதினார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், அவர் காலத்துக்கே அது இரண்டாயிரம் ஆண்டு பழைய கதை. சவுக்கடி அடிமைப் படம் நம் மனதில் எப்படியோ ஒட்டிக்கொண்டது. மண்ணிலிருந்து கிடைத்த சான்றுகள் வேறு மாதிரி பேசுகின்றன.

1990-இல் கீசா மேட்டுக்குத் தெற்கே ஒரு குதிரை மண்சுவர் ஒன்றில் கால் இடறியது. தோண்டிப் பார்த்தபோது அது பிரமிடு வேலையாட்களின் இடுகாடு. மன்னனின் பிரமிடு கண்ணில் படும் இடத்தில், ரொட்டிப் பானை, பீர்ப் பானையோடு முறையாகப் புதைத்திருக்கிறார்கள். எலும்புகளில் முதுகு தேய்ந்திருக்கிறது, முறிந்த கைகால்களைச் சரியாகக் கட்டி ஆற்றியதற்கான தடமும் இருக்கிறது. அருகில் மார்க் லேனர் தலைமையிலான குழு அகழ்ந்த குடியிருப்பில் ரொட்டி அடுப்புகளும், ஆட்கள் தின்றுபோட்ட மாடு, ஆடுகளின் எலும்புகளும் குவிந்திருந்தன.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்த சான்று மெரெரின் நாட்குறிப்பு. 2013-இல் செங்கடல் கரையில் வாதி அல்-ஜார்ஃப் என்ற பழைய துறைமுகத்தில் பியேர் தாலே குழுவினர் எடுத்தது, எழுத்துள்ள பாப்பிரஸ்களில் (நாணல் தாள்களில்) இன்று கிடைப்பவற்றுள் மிகப் பழையது. மெரெர் ஒரு நடுமட்ட மேற்பார்வையாளர், அவர் கீழ் 40 பேர் அளவில் ஒரு படகுக் குழு. நைலின் கிழக்குக் கரையில் தூரா குவாரியிலிருந்து வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை ஏற்றி, வெள்ளக்காலத்தில் கால்வாய் வழியே கீசாவுக்குக் கொண்டுபோய் இறக்குவார்கள். பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. இன்று கல் ஏற்றினோம், இன்று இரவு இங்கே தங்கினோம் என்று நாள்வாரியாகக் குறிப்பு. மேலதிகாரியின் பெயர்கூட இருக்கிறது: கூஃபுவின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் அன்கஹாஃப்.

அதற்காக எல்லாரும் விரும்பி வந்த கூலியாட்கள் என்றும் சொல்லிவிட முடியாது. அரசனுக்கு உழைப்பாகவே வரி கட்ட வேண்டிய காலம் அது, ஊருக்கு இத்தனை ஆள் என்று வந்திருப்பார்கள். சோறும் மருத்துவமும் கிடைத்தன, வரமாட்டேன் என்று சொல்லும் வசதி இருந்திருக்காது.

அத்தனை கல்லை எப்படி மேலே ஏற்றினார்கள்? வேற்றுக்கிரகவாசிகள்...

வேண்டாம். மரச்சறுக்கில் வைத்து, மணலை நனைத்து, கயிறு கட்டி இழுத்தார்கள். சறுக்கின் முன்னால் ஒருவன் தண்ணீர் ஊற்றும் காட்சி ஜெஹூதிஹோடெப் என்ற அதிகாரியின் கல்லறைச் சுவரில் இருந்தது. ஹத்னூப் குவாரியில் 2018-இல் கூஃபு காலத்துச் சரிவுப்பாதை ஒன்று வெளிப்பட்டது. இரு பக்கமும் படிகளும் கம்பம் நட்ட குழிகளும் இருக்கின்றன, கம்பத்தில் கயிறு சுற்றி இழுத்திருக்கிறார்கள். பிரமிடைச் சுற்றிச் சரிவு எப்படிப் போனது, நேராகவா சுற்றிச் சுற்றியா என்பதில்தான் சண்டை.

கீசாவின் ஸ்பிங்க்ஸ் சிலையின் மூக்கை நெப்போலியன் உடைத்தானா?

இல்லை. நெப்போலியன் வந்தது 1798-இல். டேனிஷ் பயணி நோர்டன் 1737-இல் வரைந்த படத்திலேயே மூக்கு கிடையாது.

மூன்றாவது பிரமிடின் வடக்கு முகத்தில் ஏன் பெரிய கீறல்?

இது மென்கௌரேயின் பிரமிடு, மூன்றில் சிறியது, 65 மீட்டர். 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சலாவுதீனின் மகன் அல்-அஜீஸ் உஸ்மானுக்குப் பிரமிடுகளை இடித்துவிடலாம் என்று யோசனை வந்தது. இதில் ஆரம்பித்தார். எட்டு மாதம் இடித்தார்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு கல் பெயர்ந்தது, விழுந்த கல் மணலில் புதைந்துகொண்டது, அதைத் தோண்டி உடைக்கத் தனி வேலை. கட்டுவதற்கு ஆகும் செலவு இடிக்கவும் ஆகிறது என்று தெரிந்ததும் விட்டுவிட்டார்கள். கூட்டமெல்லாம் பெரிய பிரமிடின் அடியில் நிற்கும், நீங்கள் அந்தக் கீறலுக்குப் போய்ப் பாருங்கள்.

மம்மிகளை எங்கே பார்ப்பது? துட்டன்காமன் கல்லறையும் பக்கத்திலா?

பிரமிடுகளுக்குள் மம்மி எதுவும் இல்லை, கொள்ளைக்காரர்கள் பழங்காலத்திலேயே கை வைத்துவிட்டார்கள். அந்த அனுபவத்தால்தான் பிற்கால மன்னர்கள் பிரமிடைக் கைவிட்டு, தெற்கே லக்சோரில் மலைப்பள்ளத்தாக்கில் ரகசியமாகக் குடைந்துகொண்டார்கள். 1922 நவம்பரில் ஹோவர்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறை அங்கேதான் இருக்கிறது, ஒரே நாளில் சேர்த்துப் பார்க்கும் தூரமில்லை.

அரச மம்மிகள் கெய்ரோவின் ஃபுஸ்தாத் பகுதியில் எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. 2021 ஏப்ரல் 3 அன்று 22 மம்மிகளை ஊர்வலமாக அங்கே கொண்டுபோனார்கள். அதில் இரண்டாம் ராம்செஸ் முன்னால் நம்மவர்கள் கொஞ்சம் அதிக நேரம் நிற்கலாம். அவர் மூக்கினுள் மிளகு வைத்துப் பதப்படுத்தியிருந்தார்கள். கி.மு. 1213-இல் இறந்தவர் அவர், மிளகு விளைந்ததோ தென்னிந்தியாவில். எந்தக் கைகள் மாறி அது அங்கே போனது என்பதற்குச் சான்று இல்லை. அதற்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்து நடந்த வணிகத்துக்கு நிறையவே சான்று உண்டு. செங்கடல் துறைமுகமான பெரெனிகேயில் கோயில் ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு இந்தியப் பானையோடு கிடைத்தது. இன்னொரு செங்கடல் துறைமுகமான குஸெயர் அல்-கதீமில் தமிழ்ப் பிராமியில் "பானை ஒறி" என்று எழுதிய ஓடு கிடைத்தது.

பெரிய எகிப்திய அருங்காட்சியகத்தையும் அதே நாளில் சேர்க்கலாமா?

கூடாது. கீசாவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் ஆசை வரும். 2025 நவம்பரில் முழுமையாகத் திறந்துவிட்டார்கள், துட்டன்காமன் பொருட்கள் 5,000க்கு மேல், கூஃபுவின் தேவதாரு மரப் படகும் இப்போது அங்கேதான். அதற்கே ஒரு நாள் வேண்டும்.

ஒட்டகக்காரர்கள், பக்ஷீஷ் (இனாம்)... எப்படிச் சமாளிப்பது?

"லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். நின்றால் பேச்சு தொடங்கிவிடும். கையில் எதையாவது திணித்து "கிஃப்ட்" என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வாசலில் உங்கள் சீட்டை வாங்கிப் பார்க்கிறேன் என்று சீருடை இல்லாதவர் கேட்டால் கொடுக்க வேண்டாம். ஒட்டகம் ஏறுவதானால் ஏறி, சுற்றி, *இறங்கும்* வரைக்கும் சேர்த்து விலை பேசுங்கள். ஏற மலிவாகவும் இறங்க விலை அதிகமாகவும் இருக்கும் ஒட்டகங்கள் கீசாவில் உண்டு.

சக்காராவில் காவலர்கள் பூட்டிய அறையைத் திறந்து காட்டுவார்கள், எழுத்தைச் சுட்டிக்காட்டி மிருகத்தின் பெயர் சொல்வார்கள். பிடித்திருந்தால் சில்லறை நோட்டு கொடுக்கலாம். அதற்காகவே சின்ன நோட்டுகள் வைத்திருங்கள். சீட்டுக்குப் பல இடங்களில் கார்டு மட்டும்தான், அதையும் மறக்க வேண்டாம். கைபேசியில் படம் எடுக்கலாம், ஃபிளாஷ் கூடாது.

உடை, காலணி, சாப்பாடு?

அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை நல்ல காலம். வசந்த காலத்தில் கம்சீன் என்ற மணற்காற்று வீசும், அன்றைக்குத் தூரத்துப் பிரமிடுகள் தெரியவே தெரியாது. மூடிய காலணி, தொப்பி, தளர்ந்த பருத்தி உடை. செருப்பில் மணல் ஏறி எரியும். தண்ணீர் கெய்ரோவிலேயே வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். அரிசி, மக்ரோனி, பருப்பு, கொண்டைக்கடலை, வறுத்த வெங்காயம், காரத் தக்காளிச் சாறு எல்லாம் சேர்ந்த கொஷாரி எங்கும் கிடைக்கும். காலையில் ரொட்டிக்குள் வைத்துத் தரும் தாமியா, மொச்சை வகைப் பயறும் கொத்தமல்லியும் அரைத்துப் பொரித்தது, நம் மசால்வடையின் பங்காளி. தஹ்ஷூரில் உணவகம் என்று நம்பிப் போக எதுவும் இல்லை, அதனால் காலையிலேயே இரண்டு பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள்.

குழந்தைகளையும் பெரியவர்களையும் கூட்டிப் போகலாமா?

எட்டுப் பத்து வயதுக் குழந்தைகளுக்குச் சக்காராச் சுவர்கள் பிடிக்கும், மிருகங்களைக் கண்டுபிடிக்கும் விளையாட்டாகவே ஓட்டிவிடலாம். மெரெருகா, ககெம்னி கல்லறைகளுக்குள் நிமிர்ந்தே நடக்கலாம், பெரியவர்களுக்கும் ஏற்றது. பிரமிடுக்குள் இறங்குவதைத்தான் அவர்கள் தவிர்க்க வேண்டும்.

எனக்கு அரை நாள்தான் இருக்கிறது. ஒரே இடம் சொல்லுங்கள்.

சக்காரா. மெரெருகா, ககெம்னி, டி, உனாஸ், ஜோசர் வளாகம், இவ்வளவும் நாலு மணி நேரத்தில் நிதானமாக முடியும். மேட்டிலிருந்து தெளிவான நாளில் வடக்கே கீசாவும் தெற்கே தஹ்ஷூரும் தெரியும். ஊருக்கு வந்ததும் "கீசா போகலையா?" என்று கேட்கத்தான் கேட்பார்கள். திரும்பும்போது ரிங் ரோடு வழியாக விடச் சொல்லி, பிரமிடுகள் எந்தப் பக்கம் வரும் என்று ஓட்டுநரிடம் கேட்டு அந்த ஜன்னலோரம் உட்காருங்கள். வீட்டில் காட்ட அந்தப் படம் போதும்.